டிட்டோ போட்ட முக்கோணம்

1. நாலு பக்கமும் சரி, ஜன்னல் தப்பு

கண்ணாடிக் கடையில் சேர்ந்த முதல் நாளே நான் ஒரு ஜன்னலைக் கெடுத்தேன்.

அதற்கு முன்னால் பதினாறு வருஷம் ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் கணக்கு டீச்சராக இருந்தேன். பள்ளிக்கூடத்தில் செக்‌ஷனைக் குறைத்தார்கள், அதோடு என்னையும் குறைத்தார்கள். மேற்குத் தாம்பரத்தில் கண்ணாடி, அலுமினிய வேலை செய்யும் கடை ஒன்றில் ‘அளவெடுக்க ஆள் தேவை’ என்று போர்டு தொங்கியது. உள்ளே போனேன். முதலாளி ஷெரீஃப் பாய் என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார். பி.எஸ்சி. கணிதம், பி.எட். என்றேன். அப்படியானால் அளவு தப்பவே தப்பாது என்று சந்தோஷமாகச் சொல்லி, கையில் டேப்பையும் ஒரு நோட்டையும் கொடுத்துச் சிட்லபாக்கத்துக்கு அனுப்பி வைத்தார்.

அங்கே ஒரு வீட்டின் முன்னறை ஜன்னல். மேலே நாலடி, கீழே நாலடி, இந்தப் பக்கம் மூணடி, அந்தப் பக்கம் மூணடி. நோட்டில் அழகாக ஒரு செவ்வகம் வரைந்து, நாலு பக்கத்திலும் அளவு எழுதி, அடியில் கோடும் போட்டுக் கொடுத்தேன். ஃப்ரேம் தயாராகி வந்தது. மாட்டப் போனவர் டேவிட் அண்ணன். கடையின் மூத்த ஃபிட்டர், என்னைவிட மூன்று வயது பெரியவர். மேல் மூலை உட்கார்ந்தால் கீழ் மூலை வெளியே நின்றது. கீழ் மூலையை உள்ளே தள்ளினால் மேல் மூலை வெளியே வந்தது. அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு எனக்குப் போன் போட்டு வரச் சொன்னார்.

“இன்னா டீச்சர், நாலு பக்கமும் அளந்தீங்க, சரி. மூலைக்கு மூலை அளந்தீங்களா?”

எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருக்கும்போது அது எதற்கு என்று கேட்டேன். அவர் டேப்பின் ஒரு நுனியை என் கையில் கொடுத்து, குறுக்கே இழுத்துக் காட்டினார். ஒரு குறுக்கு ஐந்தடி ஓரங்குலம். இன்னொரு குறுக்கு ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. சுவர் லேசாகச் சாய்ந்திருந்தது. நான் செவ்வகம் என்று எழுதியது ஓர் இணைகரம். இணைகரத்துக்கும் எதிரெதிர்ப் பக்கங்கள் சமம்தான். இதே தப்புக்காக எத்தனை பிள்ளைகளுக்கு மார்க்கைக் குறைத்திருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. டேவிட் அண்ணன் சிரிக்கவில்லை. மூணடி, நாலடி என்றால் குறுக்கே அஞ்சடி வரணும், வந்தால்தான் மூலை சரி, அதை மறக்காதீங்க என்று எனக்கே பித்தாகரஸ் தேற்றத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஃப்ரேமைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு.

அன்றிலிருந்து கடையின் வழக்கத்துக்கு நானும் வந்தேன். எங்கே போனாலும் இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் அளவைச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் நோட்டில் எழுத வேண்டும். கோயிலில் மந்திரம் சொல்வது மாதிரி “நாப்பத்தெட்டு”, “நாப்பத்தெட்டு” என்று நாங்கள் சொல்லிக்கொள்வதைப் பார்த்து வீட்டுக்காரர்கள் முழிப்பார்கள்.

2. ஆடாத வடிவம்

ஒரு மாதத்தில் எனக்கு ஒரு வியாதி பிடித்தது. கண்ணில் பட்டதெல்லாம் வடிவமாகத் தெரிந்தது. நடைபாதையில் பதித்த அறுகோணக் கல், டீக்கடைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும் சமோசா, தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் பக்கவாட்டு இரும்புகள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய ஸ்டூலை வாங்கப் போய், கால்களுக்குக் குறுக்கே கட்டை இருக்கிறதா என்று குப்புறக் கவிழ்த்துப் பார்த்ததில் கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

டேவிட் அண்ணனோடு டீ குடிக்கும்போதெல்லாம் இதுதான் பேச்சு. இரும்பு கேட்டில் ஏன் மூலைக்கு மூலை ஒரு பட்டை வைக்கிறார்கள் என்று கேட்டேன். வைக்காவிட்டால் ஆறு மாசத்தில் கேட் தொங்கிவிடும், தரையில் கோடு போடும் என்றார். ஏன் தொங்கும் என்று கேட்டதற்கு, தொங்கும் என்றால் தொங்கும்தான் என்றார்.

எனக்குள் இருந்த டீச்சர் சும்மா இருப்பாளா. கடையில் கிடந்த அலுமினியத் துண்டுகளில் நாலை எடுத்து, மூலைக்கு ஒரு ரிவெட் ஆணி அடித்துச் சதுரமாக்கி அவர் கையில் கொடுத்தேன். லேசாகத் தள்ளியதும் அது சாய்ந்து படுத்துக்கொண்டது. பிறகு மூன்று துண்டை அதே மாதிரி சேர்த்துக் கொடுத்தேன். அவர் அதை அமுக்கினார், முறுக்கினார், முட்டிக்குக் கீழே வைத்து நெரித்தார். அது அசையவில்லை. மூன்று பக்கமும் முடிவாகிவிட்டால் முக்கோணத்தால் வேறு வடிவத்துக்குப் போகவே முடியாது, அதற்கு மட்டும் மூலைக்கு மூலை அளக்கத் தேவையில்லை, மூணு பக்கம் போதும் என்றேன்.

“அப்ப உங்க புக்குலயும் விஷயம் கீது,” என்றார் டேவிட் அண்ணன்.

அவர் வாயிலிருந்து அது வருவது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு வாரம் தலை கால் தெரியாமல் திரிந்தேன். அந்தத் தலைக்கனத்தோடுதான் சர்ச்சுக்குப் போனேன்.

3. நீலத் தார்ப்பாய்

சேலையூர் பக்கம் ஒரு காலனியில் சின்ன சர்ச் ஒன்று இருக்கிறது. பீடத்துக்கு மேலே, கூரை கூம்பும் இடத்தில், சுவரில் பெரிய முக்கோணத் திறப்பு. நடுவில் ஒரு கான்கிரீட் தூண் நின்று அதை இடது, வலது என்று இரண்டு முக்கோணமாகப் பிரிக்கும். முன்பு அதில் ஃபைபர் ஷீட் இருந்தது. ஒரு புயலில் அது பிய்ந்துபோக, நீலத் தார்ப்பாய் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். கட்டியது கட்டியபடியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறினால் பாட்டுக் குழுவில் இருக்கும் அத்தனை முகமும் நீலமாகத் தெரியும் என்று டேவிட் அண்ணன் சொல்வார். அது அவருடைய சர்ச்.

அவருடைய மூத்த மகள் ஸ்டெல்லாவுக்கு அங்கே கல்யாணம் குறித்தார்கள். அவர் ஷெரீஃப் பாயிடம் வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் தனக்காக எதுவும் கேட்டதில்லை என்று பாய் பிறகு என்னிடம் சொன்னார்.

“ஊர்ல இருக்கிறவன் வூட்டுக்கெல்லாம் வெளிச்சம் வெச்சுக் குடுத்திருக்கேன், பாய். என் பொண்ணு மாலையும் கழுத்துமா நிக்கசொல்ல மூஞ்சி நீலமாத் தெரியக்கூடாது. அவ்ளோதான்.”

கண்ணாடியைக் கடையின் காணிக்கையாகவே வைத்துக்கொள்ளலாம் என்று பாய் சொல்லிவிட்டார். உயரத்தில் வைப்பதால் டஃபன்ட் என்கிற கடினமாக்கிய கண்ணாடிதான் போட வேண்டும். சாதாரணக் கண்ணாடி பெரிதாக வந்துவிட்டால் ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம். டஃபன்ட் அப்படியில்லை. அளவுக்கு வெட்டிய பிறகுதான் அதைச் சூளையில் பழுக்கக் காய்ச்சிக் குளிரவைப்பார்கள். அதற்குப் பிறகு அதன்மேல் கட்டர் வைத்தால் மொத்தமும் பொரியாக உதிர்ந்துவிடும். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து தயாராகி வர எட்டு நாள் ஆகும். அளவு ஒருமுறைதான், தப்பினால் தப்பியதுதான்.

அளவெடுக்கும் நாளில் டேவிட் அண்ணன் பத்திரிகை வைக்க உறவினர் வீடுகளுக்குப் போயிருந்தார். முக்கோணம்தானே, டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று பாயிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் தனியாகப் போனேன். இடது பக்கத்தில் மட்டும் சாரம் கட்டியிருந்தது. சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஏறினேன். அடிப்பக்கம் நாற்பத்தெட்டு அங்குலம், தூண் பக்கம் முப்பத்தாறு, சாய்வு அறுபது. அதாவது நாலடி, மூணடி, அஞ்சடி. டேவிட் அண்ணனின் மூணு நாலு அஞ்சு சுவரிலேயே உட்கார்ந்திருந்தது. சாரத்தின் மேல் நின்றுகொண்டு தனியாகச் சிரித்தேன்.

வலது பக்கத்துக்குச் சாரத்தை நகர்த்த வேண்டும். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், இரண்டு மணிக்கு மேல்தான் வருவார்களாம். வானம் வேறு மூட்டமாக இருந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். நடுவில் தூண், இரண்டு பக்கமும் ஒரே சாய்வு. கண்ணாடியில் பார்த்த மாதிரி சமச்சீர். சர்ச் கட்டுகிறவர்கள் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தானே கட்டுவார்கள். நோட்டில் இடது என்ற வரிக்குக் கீழே வலது என்று எழுதி, அளவு வரவேண்டிய மூன்று இடத்திலும், மேலே உள்ளதேதான் என்று, இரட்டைக் குறி போட்டேன். டிட்டோ, டிட்டோ, டிட்டோ.

4. வெள்ளிக்கிழமை

கண்ணாடி வியாழக்கிழமை வந்தது. கல்யாணம் திங்கட்கிழமை. வெள்ளி காலை பத்து மணிக்கு இடது பக்கக் கண்ணாடியை ஏற்றினோம். சட்டைப் பையில் சீப்பை வைப்பது போலப் போய் உட்கார்ந்தது. டேவிட் அண்ணன் எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார். சாரத்தை வலது பக்கம் மாற்றி, அடுத்த கண்ணாடியை ஏற்றினார்கள். அது போகவில்லை. அடிப்பக்கத்தை வைத்தால் சாய்வுப் பக்கம் முழுதும் துருத்திக்கொண்டு வெளியே நின்றது.

கண்ணாடியைப் பத்திரமாக இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு, டேவிட் அண்ணன் இறங்கி வந்து என் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். மூன்று இரட்டைக் குறிகளையும் ரொம்ப நேரம் பார்த்தார். நான் அளக்கவில்லை, இரண்டும் ஒன்று என்று நினைத்து எழுதிவிட்டேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது. அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“நான் கூட வந்திருக்கணும், டீச்சர்,” என்றார். நோட்டை மூடி என்னிடமே கொடுத்தார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஷெரீஃப் பாய் தொழிற்சாலைக்குப் போன் போட்டுப் பார்த்தார். எவ்வளவு கெஞ்சினாலும் அடுத்த வாரம்தான் என்றார்கள். கட்டடமே ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது, யார் என்ன செய்ய முடியும் என்று டேவிட் அண்ணன் சொல்லிவிட்டு, அவிழ்த்து வைத்த தார்ப்பாயை உதறி மடிக்க ஆரம்பித்தார். பாதித் திறப்புக்கு அளவாக மடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க முடியாமல்தான் நான் டேப்பை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினேன். பத்து நாள் முன்னால் ஏறியிருக்க வேண்டியது.

5. இருபத்துநாலில் ஒன்று

அடிப்பக்கம் நாற்பத்தாறு. தூண் பக்கம் முப்பத்துநாலரை. சாய்வு ஐம்பத்தேழரை. கீழே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். நாற்பத்தெட்டில் இரண்டு குறைகிறது. முப்பத்தாறில் ஒன்றரை. அறுபதில் இரண்டரை. ஒவ்வொன்றும் வேறு வேறு அளவாகக் குறைந்திருக்கிறதே என்று வகுத்துப் பார்த்தேன். மூன்றுமே இருபத்துநாலில் ஒரு பங்கு.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தூங்கி வழியும் பாடம் அது, வடிவொத்த முக்கோணங்கள். கட்டடம் கோணியிருந்தால் ஒரு பக்கம் நிறையக் குறையும், ஒரு பக்கம் கொஞ்சமாகக் குறையும், மூலைகள் மாறும். இங்கே எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் குறைந்திருக்கிறது. மூலைகள் மாறவில்லை. அப்படியென்றால் சாய்வுப் பக்கம் மட்டும், மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில், உள்ளே இறங்கி வந்திருக்கிறது. சாய்வு இறங்கினால் மற்ற இரண்டு பக்கத்தின் நுனியும் தானாக மறைந்துவிடும். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கணக்குப் போட்டேன். ஒன்றேகால் அங்குலத்துக்குத் துளி குறைவு. கோணல் சுவர் அவ்வளவு ஒழுங்காக இருக்காது. அது மனுஷன் கை வேலை.

டேவிட் அண்ணனிடம் ஓடினேன். “அண்ணா, கட்டடம் கோணல் இல்ல. அந்தச் சாய்வுல மட்டும் ஒன்னேகால் இஞ்சுக்கு யாரோ மேல பூசியிருக்காங்க.”

அவர் நம்பவில்லை. ஆனாலும் ஏறினார். சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் இடது சாய்வைத் தட்டினார். கெட்டியாகச் சத்தம் வந்தது. வலது சாய்வைத் தட்டினார். டொப்பு டொப்பு என்று பானையைத் தட்டுவது போலக் கேட்டது. இன்னும் இரண்டு இடத்தில் தட்டிவிட்டு, சாரத்தின் மேலிருந்தே பாஸ்டரைக் கூப்பிடச் சொன்னார்.

பாஸ்டர் வந்தார். போன மழைக்கு முந்தின மழையில் அந்தப் பக்கம் ஒழுகியதாகவும், ஒரு கொத்தனாரை வைத்துப் பழைய பூச்சின் மேலேயே இன்னொரு பூச்சு போட்டதாகவும் நினைவுபடுத்திச் சொன்னார். ஆனால் உடைக்க அனுமதி கொடுக்கத் தயங்கினார். மூன்று நாளில் கல்யாணம், உள்ளே பீம் இருந்து தொலைத்தால் சுவரும் போய்விடுமே என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் முன்னால்தான் என் வார்த்தையை நம்பிக் கெட்ட ஒரு கூட்டம் அது.

அப்போது டேவிட் அண்ணன் மேலேயிருந்து பேசினார். “டீச்சர் அளந்து சொல்றாங்க, பாஸ்டர். அளக்காம சொன்னாத்தான் தப்பா வரும்.”

என்னைக் குத்தினாரா, தாங்கினாரா என்று இன்றுவரை கேட்கவில்லை. பாஸ்டர் தலையாட்டினார். அண்ணன் கீழ் மூலையில், வெளியே தெரியாத இடமாகப் பார்த்து உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். ஆறிப்போன சப்பாத்தி மாதிரி பூச்சு ஒரு விள்ளலாக உரிந்து விழுந்தது. உள்ளே பழைய சுவர், இடது பக்கத்தில் இருக்கும் அதே மஞ்சள் வெள்ளைச் சுண்ணாம்போடு அப்படியே இருந்தது. அவர் உடைந்த இடத்தில் ஸ்கேலை வைத்தார். குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, கடை வழக்கப்படி அளவைச் சொன்னார்.

“ஒன்னேகால். துளி கம்மி.”

“ஒன்னேகால், துளி கம்மி,” என்று நான் திருப்பிச் சொன்னேன்.

6. பிறகு

அன்று சாயங்காலத்துக்குள் பூச்சு முழுவதையும் உரித்துவிட்டோம். அடியில் ஒழுகலுக்குக் காரணமான வெடிப்பு ஒன்று இருந்தது. அதை வாட்டர்ப்ரூஃப் கலவையால் அடைத்துக் காயவிட்டோம். சனிக்கிழமை மத்தியானம் இரண்டாவது கண்ணாடி ஏறியது. சுற்றிலும் சிலிகான் பசை வைத்து, அது காய்ந்ததும், தண்ணீர் டியூப்பை மேலே தூக்கிப் பத்து நிமிஷம் பீய்ச்சி அடித்தார் டேவிட் அண்ணன். ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. தார்ப்பாயை அவர் தூக்கிப் போடவில்லை. சமையல்காரருக்கு விறகு மூடக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பெஞ்சுகளுக்கு நடுவே உள்ள வழியில் நடந்து வந்தார். பாதி தூரத்தில் நின்றுவிட்டார். அண்ணாந்து வலது முக்கோணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா என்ன பார்க்கிறார் என்று புரியாமல் பெண் அவர் கையை இழுக்க, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் மேலே பார்க்க, பாட்டுக் குழு ஒரு வரியை விட்டுவிட்டது. பிள்ளையின் முகம் அதன் சொந்த நிறத்தில் பளிச்சென்று இருந்தது. நான் கைக்குட்டையைத் தேடினேன்.

கடையில் ஒரு புது விதி வந்தது. அதை நான்தான் கொண்டுவந்தேன். அளவு நோட்டில் இரட்டைக் குறி கிடையாது. இருபத்துநாலு ஃபிளாட் உள்ள கட்டடத்தில் இருபத்துநாலு ஜன்னலும் அச்சடித்தது போல இருந்தாலும், இருபத்துநாலையும் அளந்து இருபத்துநாலு வரி எழுத வேண்டும். இப்போது லேசர் டேப் வந்துவிட்டது, ஒரு பட்டனில் அளவு வந்துவிடுகிறது. அதையும் இரண்டு பக்கமும் காட்ட வேண்டும். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். ஒன்றுபோல இருக்கிறது என்று தோன்றும் இடத்தில்தான் டேப்பை வெளியே எடுக்க வேண்டும். நான் படித்த புத்தகம் என்னைக் கைவிடவில்லை. அளக்காமல் புத்தகத்தைத் திறந்தது என் தப்பு.

இரண்டு வருஷம் கழித்து டேவிட் அண்ணனின் சின்ன மகளுக்கும் அதே சர்ச்சில் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை அச்சாகி வந்த அன்று அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். மூத்தவளுக்கு வைத்தபோது எழுதிய விலாசப் பட்டியலையே அப்படியே எடுத்துக்கொண்டால் போதாதா என்று அவர் வீட்டில் கேட்டார்களாம்.

“டிட்டோ வாணாம்னு சொல்ட்டேன், டீச்சர். ரெண்டு வருசத்துல எவ்ளோ பேரு வூடு மாறிக்கீறாங்க. ஒவ்வொண்ணா எழுதிக்கலாம். நீங்க வாங்க.”

ஒரு உறை எழுதக்கூட இரண்டு பேர் வேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டிருந்தார். கண்ணாடி வெட்டும் மேஜையைத் துடைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் பெயரைச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் எழுதினேன்.